மண்ணீரல் இருந்தும் வேலை செய்யாமல் போவது எப்படி?

"மண்ணீரலை எடுக்கவில்லை, ஸ்கேனிலும் தெரிகிறது. அப்புறம் எப்படி அதன் செயல் குறைந்துவிட்டது என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உறுப்பு இருப்பது வேறு, அது உழைப்பது வேறு.

மண்ணீரல் ஒரு சல்லடை. அதற்குள் இருக்கும் மிகக் குறுகிய பிளவுகளில் சிவப்பணுக்கள் உடலை நசுக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். விறைத்துப்போன கிழட்டு அணுக்கள் அங்கேயே சிக்கி அழியும். நல்ல அணுவில் உட்கருத் துணுக்கு மிச்சமிருந்தால், அதை மட்டும் பிடுங்கிவிட்டு அணுவை வெளியே அனுப்பிவிடும். ஆகவே கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கும்போது சிவப்பணுவுக்குள் உருண்டையான கருநீலப் புள்ளி தெரிந்தால், சல்லடை பழுதாகியிருக்கலாம் என்று பொருள். ஹோவெல்-ஜாலி துகள் என்பது இதுதான்.

காரணங்களில் முக்கியமானது அரிவாள் செல் நோய். ஆக்சிஜன் குறைந்த அந்த இடுக்குகளில் அணுக்கள் அரிவாளாக வளைந்து அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத திசு செத்துத் தழும்பாகும். இது கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். தொட்டால் தெரியும் அளவுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தும் வேலை செய்யாத காலம் ஒன்று உண்டு. பெற்றோர் இதைத்தான் அறிந்திருக்க வேண்டும். கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய், குடல் அழற்சி நோய்கள், அமிலாய்டு புரதப் படிவு, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவையும் காரணமாகலாம். சிலருக்குப் பிறவியிலேயே மண்ணீரல் இருக்காது.

பெரிய ஆபத்து, நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற, வெளியே உறை போர்த்திய கிருமிகள்தான். அவற்றை எதிர்க்கும் ஐஜிஎம் நினைவு பி-செல்களுக்கு (ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தரும் ஒருவகை வெள்ளையணுக்கள்) மண்ணீரல் தேவை. அது பழுதானால் கிருமி சில மணி நேரத்தில் ரத்தமெங்கும் பரவலாம். எனவே தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.