ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போனதற்கெல்லாம் ஃபார்மட் வேண்டாம்

கேள்வி: பல வருடங்களாக விண்டோஸ் 10 வைத்திருந்தேன். போன வாரம் வந்த அப்டேட்டுக்குச் சம்மதம் கொடுத்ததும் அது 11 ஆகிவிட்டது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் நிற்கிறது. ரைட் கிளிக் செய்தால் பழகிய வரிகளில் பாதியைக் காணோம். தெரிந்தவர் ஒருவர் ஃபார்மட் செய்து பழைய விண்டோஸைப் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தொல்லை தருகிற இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

கீழே இருக்கும் டாஸ்க்பாரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்பதைத் திறந்தால் 'அலைன்மென்ட்' இருக்கும். அதை 'லெஃப்ட்' ஆக்கினால் ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கே வந்துவிடும். ரைட் கிளிக்கில் காணாமல் போனவை எங்கும் போகவில்லை. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய பட்டியல் முழுதாக வரும். கட், காப்பி எல்லாம் சின்னச் சின்னப் படங்களாகிப் பட்டியலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதை ஏன் மாற்றினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே தூக்கினார்கள். உலகமே கத்தியதும் மறு வருடம் 8.1இல் திரும்ப வைத்தார்கள். கண்ட்ரோல் பேனலில் இருப்பதைப் புது செட்டிங்ஸுக்கு மாற்றும் வேலையும் அப்போது தொடங்கியதுதான், இன்னும் முடிந்தபாடில்லை. வீடு மாறியவர் பத்து வருடமாகப் பாதிச் சாமானைப் பழைய வீட்டிலேயே வைத்திருப்பது போல.

இனி ஃபார்மட் விஷயம். ஃபார்மட் என்றால் அந்த டிரைவில் உள்ள படம், கடிதம், கணக்கு எல்லாம் போகும். 'பேக்கப் எடுத்துவிட்டேன்' என்று வாயால் சொல்வதை நம்பி அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதைவிட மோசம், ஆக்டிவேஷனுக்கு, அதாவது விண்டோஸின் உரிமத்தைச் சரிபார்ப்பதற்கு, அந்தச் சோதனையை ஏமாற்றும் ஒரு கிராக் புரோகிராமை ஓட்டிவிட்டுப் போவது. அதோடு என்ன நுழைந்தது என்பது ஓட்டியவருக்கே தெரியாது. ஏமாற்றுகிற இன்னொரு கூட்டமும் உண்டு. திரையில் எச்சரிக்கை, கீழே ஒரு ஃபோன் நம்பர். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் ஃபோன் நம்பரே இருக்காது. அந்த நம்பருக்கு அடித்தால் உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க ஒரு புரோகிராமைப் போடச் சொல்வார்கள். போட்டீர்களானால் சாவியைக் கையில் கொடுத்த மாதிரி.

பழையதே வேண்டும் என்றால் நேர்வழி ஒன்று இருக்கிறது, ஆனால் 10 நாள்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி போனால் 'கோ பேக்' என்ற பட்டன் தெரியும். பத்து நாள் என்பது நீங்கள் கவனித்த நாளிலிருந்து அல்ல, 11 ஏறிய நாளிலிருந்து. அது முடிந்ததும் எடுத்து வைத்த பழைய விண்டோஸ் தானாக அழிந்துவிடும். அதற்கு முன்பே, இடம் போதவில்லை என்று யாராவது 'பழைய விண்டோஸ்' ஃபைல்களைச் சுத்தம் செய்திருந்தால் அன்றே கதை முடிந்தது. வாங்கும்போதே 11 இருந்த கம்ப்யூட்டருக்கு இந்த வழி இல்லை, உங்களுக்கு உண்டு. உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும், 11 வந்த பிறகு போட்ட புரோகிராம்களும் செட்டிங்ஸில் செய்த மாற்றங்களும் போகும். எதற்கும் முதலில் ஃபைல்களை வெளி டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திரும்பிப் போய் என்ன செய்வது? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதன் பிறகு பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதனால் இன்றைக்கே அந்த இரண்டு மாற்றத்தையும் செய்து இரண்டு நாள் பாருங்கள். அப்புறமும் முடியவில்லை என்றால், பட்டன் மறைவதற்குள் நீங்களே அழுத்துங்கள். அந்தத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டாம்.