பிரதியை எடிட்டரிடம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன், ஏறத்தாழ 60,000 சொற்கள். படித்த நண்பர்கள் அனைவரும் ‘நல்ல எடிட்டர் ஒருவரிடம் கொடுங்கள்’ என்கிறார்கள். பணம் கொடுத்து எடிட்டரை அமர்த்துவதானால் எதைப் பார்த்து அமர்த்த வேண்டும்? அவர் என் நடையையே மாற்றிவிடுவாரோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: எடிட்டரைத் தேடுவதற்கு முன், அந்த நண்பர்களிடம் திரும்பிச் சென்று ‘எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு பக்கத்தைச் சொன்னால், சிக்கல் பெரும்பாலும் வாக்கியங்களில் இருக்கிறது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டினால், கதையின் கட்டமைப்பிலேயே ஏதோ பிசகியிருக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒருவரே சிறப்பாகச் செய்வது அரிது. கட்டமைப்பைப் பார்ப்பவர் எந்த அத்தியாயம் முன்னே வர வேண்டும், எந்தப் பாத்திரம் தேவையே இல்லை என்று நீண்ட குறிப்பு எழுதித் தருவார். வரிகளைத் தொடாமலும் போகலாம். மொழியைச் செம்மைப்படுத்துபவர் வரிவரியாகச் செல்வார். மெய்ப்புப் பார்ப்பவரோ பக்கம் வடிவமைக்கப்பட்ட பிறகு எஞ்சியிருக்கும் பிழைகளைக் களைபவர். இந்த வரிசையை மாற்றி முதலில் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்துவிட்டு, பின்னர் இரண்டு அத்தியாயங்களை நீக்கி மூன்றைப் புதிதாக எழுதுகிறவர்கள் கொடுத்த பணத்தையும் இழந்து, புதிய பிழைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எந்த வகை என்று தெளிந்த பிறகு, ஒருவரை அமர்த்துவதற்கு முன் சில பக்கங்களை மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுவதே முறை. அந்தப் பக்கங்களை நாவலின் நடுவிலிருந்து எடுங்கள். முதல் அத்தியாயத்தை நீங்களே பலமுறை செதுக்கியிருப்பீர்கள் என்பதால், அதில் எடிட்டரின் திறமை தெரியாது. திரும்பி வரும் பக்கங்களில் எத்தனை சிவப்புக் கோடுகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். ஓரத்தில் என்ன கேட்டிருக்கிறார் என்று பாருங்கள். ‘பெரியம்மா பார்வை இழந்துவிட்டதாக முந்தைய பக்கத்தில் வருகிறது, இங்கே அவரே கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாரே?’ என்று கேட்டிருந்தால், அவர் உங்கள் கதைக்குள் நுழைந்திருக்கிறார் என்று பொருள். ஒற்றுகளை மட்டும் சேர்த்தும் நீக்கியும் அனுப்பியிருந்தால் அதுவும் பயனுள்ள பணிதான். ஆனால் நீங்கள் தேடியது அதுவா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அச்சத்துக்கும் இந்த மாதிரிப் பக்கங்களிலேயே விடை கிடைத்துவிடும். உரையாடலும் வட்டார வழக்கும் மிகுந்த பகுதியைக் கொடுத்துப் பாருங்கள். பாத்திரம் ‘அவுக வந்துட்டாக’ என்று பேசும் இடத்தில் ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று திருத்துபவரிடம் உங்கள் நாவலை ஒப்படைக்கக் கூடாது. அதே பாத்திரம் அடுத்த பக்கத்தில் ‘வந்துட்டாங்க’ என்று பேசுவதைச் சுட்டிக்காட்டி, எது வேண்டும் என்று கேட்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

எடிட்டர் எல்லை மீறுவது நடக்காததும் அன்று. அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பில் எடிட்டர் கோர்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டினார். நூலை நிறுத்திவிடுமாறு கார்வர் கடிதத்தில் மன்றாடியும் அது வெட்டுகளோடுதான் வெளிவந்தது. அதனால் அவருடைய புகழ் வளரவும் செய்தது. வெட்டப்படாத மூலக் கதைகள் தனி நூலாக வெளிவந்தது 2009இல். கார்வர் 1988லேயே மறைந்துவிட்டார். அந்த வெட்டுகள் கதைகளுக்கு நன்மை செய்தனவா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, நன்மையே செய்திருந்தாலும், எழுதியவரின் இசைவின்றிச் செய்தது தவறுதான். நல்வாய்ப்பாக, நீங்களே பணம் கொடுத்து அமர்த்தும் எடிட்டருக்கு அத்தகைய அதிகாரம் கிடையாது. ஒவ்வொரு திருத்தமும் கோப்பில் தெரியும்படி, நீங்கள் ஏற்கவோ தள்ளவோ கூடிய வகையில் வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் சொல்லுக்கா, பக்கத்துக்கா, மணிக்கணக்கிலா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பதிப்புலகில் 250 சொற்களை ஒரு பக்கமாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. தமிழில் அது அப்படியே பொருந்தாது. ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்பதை ஒருவர் சேர்த்து எழுதுவார், மற்றொருவர் மூன்றாகப் பிரித்து எழுதுவார், கணினியின் சொல்லெண்ணிக்கையும் அதற்கேற்ப மாறிவிடும். எத்தனை சுற்று பார்ப்பார், எந்த நாளில் தருவார், இடையில் நின்றுபோனால் முன்பணம் என்னவாகும் என்பனவும் அதே தாளில் இருக்கட்டும்.

கேள்வி: பிழைதிருத்தி மென்பொருள் இருக்கும்போது மெய்ப்புப் பார்ப்பவர் எதற்கு?

பதில்: மென்பொருளில் ஒருமுறை ஓட்டிவிட்டுக் கொடுங்கள், மெய்ப்புப் பார்ப்பவரின் நேரம் மிச்சமாகும். ஆனால் ‘வேலை கொடுத்தான்’ என்பதும் ‘வேலைக் கொடுத்தான்’ என்பதும் பிழையற்ற தொடர்களே. உங்கள் கதையில் கைமாறியது பணியா, போர்க்கருவியா என்பதைக் கதையைப் படிப்பவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கேள்வி: ஒரு பதிப்பகத்தார், ‘நாங்கள் சொல்லும் எடிட்டரிடம் கட்டணம் செலுத்தித் திருத்தி வாங்கினால் உங்கள் நூலை வெளியிடுகிறோம்’ என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். தம் முதலீட்டில் நூல் வெளியிடும் பதிப்பகம், தான் ஏற்றுக்கொண்ட பிரதியைச் செம்மைப்படுத்தும் செலவையும் தானே ஏற்கும். பிரதி இன்னும் தேறவில்லை என்று கருதினால் திருப்பி அனுப்பும். எடிட்டர் ஒருவரை அணுகிப் பாருங்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் குற்றமில்லை. குறிப்பிட்ட ஒருவரிடம் பணம் கட்டுவதை வெளியீட்டுக்கு நிபந்தனையாக்குவதோ, ‘நான் திருத்தினால் பதிப்பகம் நிச்சயம்’ என்று எடிட்டரே உறுதி கூறுவதோ வேறு கதை. யாருடைய பணத்தில் அந்த நூல் அச்சாகப்போகிறது என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வரும்வரை பணமும் கட்ட வேண்டாம், பிரதியின் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டாம்.