செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நாவலைச் சொந்தக் காசில் வாங்கி, தினமும் கடைசிப் பீரியடில் பிள்ளைகளை வரிசையாக எழுப்பி வாசிக்க வைக்கிறேன். தலைமையாசிரியர், “முதல்ல ஒர்க்புக்கை முடிங்க டீச்சர்” என்கிறார். பெற்றோர் சிலரும், “பாடம் நடத்தாம கதைப் புத்தகம் படிக்கிறீங்களாமே” என்று கேட்டுவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் ஆர்வமாக இருக்கிறார்கள். வாசிக்க வராத நாலு பேரை அந்த நேரத்தில் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுகிறேன். அதில் ஒருவன் பாட்டி வீட்டில் வளர்பவன், அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. அவர்களும் சந்தோஷமாகவே போகிறார்கள். நாவலைத் தொடரவா, நிறுத்திவிடவா?

பதில்: தலைமையாசிரியரை நான் இரண்டு திட்டு திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் விஷயம் சின்னது, பிறகு பார்ப்போம். முதலில் அந்த நாலு பேர்.

சந்தோஷமாகப் போகிறார்களாம். போகாமல் என்ன செய்வார்கள்? வகுப்பில் இருந்தால் தங்கள் முறை வரும். எழுந்து நிற்க வேண்டும், எழுத்துக் கூட்ட வராமல் திணற வேண்டும், பின்னால் இருக்கிற பிள்ளை சிரிக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு மானம் இருக்காதா? அதனால்தான் நீங்கள் சொன்னதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதைச் சந்தோஷம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது டீச்சர்?

மற்ற மூன்று பேரைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துப் பள்ளிகளை நான் அறிவேன். ஒருவர் வீட்டிலாவது தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். ஒருவனாவது மாங்காய்ச் சீசனில் பாதி நாள் பள்ளிக்கு வந்திருக்க மாட்டான். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப் பதிவில் நாலு பேரும் ‘அரும்பு’ என்கிற அடி நிலையில்தான் இருப்பார்கள். வகுப்பில் கதை யாருக்கு மிக அவசியமோ அவர்களைத்தான் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே சாப்பிடுகிற பிள்ளைக்கு, பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு, வகுப்பு டீச்சர்தான் வீட்டுப் பெரியவள். இது சம்பளத்தில் சேராத வேலை என்று சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். வீட்டில் பந்தி போட்டுவிட்டு நாலு பிள்ளைகளை மட்டும் கொல்லைப்பக்கம் அனுப்புவோமா?

நீங்கள் நாவலை நடத்துகிற விதமே கோளாறு. வரிசையாக எழுப்பி வாசிக்க வைத்தால் அது பரீட்சை. நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கே கதை அறுந்து அறுந்துதான் போய்ச் சேரும். புத்தகத்தை நீங்கள் கையில் எடுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் குரலை ஏற்றி இறக்கி வாசியுங்கள், எல்லோரும் கேட்கட்டும். ஒரு பிரதிதான் இருக்கிறதே என்ற கவலையும் அதோடு தீர்ந்தது. தன்னால் படிக்க முடிவதைவிட எத்தனையோ மடங்கு பெரிய கதையைப் பிள்ளைகள் காதால் வாங்கிக்கொள்வார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? விடிய விடிய பாரதக் கூத்துப் பார்த்தே கர்ணன் முதல் அரவான் வரை கதை சொன்ன உங்கள் தாத்தாக்களில் எத்தனை பேர் கைநாட்டு!

இந்த நாவல் கீழடியை வைத்து எழுதியது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்று பெயர் கீறியிருக்கிறது; அங்கே மனிதர்கள் வாழ்ந்த காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது. தன் பானைக்குத் தன் பெயர், அவ்வளவுதான். அந்த நாலு பேரிடம் ஆளுக்கொரு உடைந்த பானை ஓடும் ஓர் ஆணியும் கொடுங்கள். அவரவர் பெயரைக் கீறட்டும். ஆணி வழுக்கும், சுழி வட்டமாக வராது, கடைசி எழுத்துக்கு ஓட்டில் இடம் போதாது. போகட்டும், இன்னோர் ஓடு எடுத்துக் கொடுங்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் அடுத்த நாள் கீறிக்கொள்ளலாம்.

அப்புறம், பர்கூர் பக்கம் இருந்துகொண்டு, உங்கள் மாவட்டத்திலேயே அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையைச் சொல்லாமல் கீழடிக் கதை நடத்தலாமா? அங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். கீழடியைவிட ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது உங்கள் மண். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிற கற்களில் பலவும் பழைய நடுகற்கள்தான். வில்லோ வாளோ பிடித்த வீரன் அதில் நிற்பான். அந்தக் கல் எந்தக் காட்டோரம் இருக்கிறது, யார் பூசை வைப்பது என்பதெல்லாம் உங்களைவிடப் பாட்டி வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருக்கும். வகுப்பு முன்னால் அவனைக் கேளுங்கள். அன்றைக்கு அவன் சொல்ல மற்றவர்கள் கேட்கட்டும்.

சரி, தலைமையாசிரியர். ஒர்க்புக்கை முடிக்கச் சொல்வது அவர் கடமை, முடித்துக் கொடுங்கள். வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நிலை பிரித்து அரசே கதைப் புத்தகம் போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கும்போது, கதை கூடாது என்று அவர் சொல்ல முடியாது. அதில் தொடக்க நிலையான ‘நுழை’ புத்தகங்களைத் தேடி எடுத்து நாலு பேருக்கும் கொடுங்கள். கேள்வி கேட்ட பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினால் போதும். செடிகளுக்கு எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துக் காலையில் தண்ணீர் ஊற்றட்டும், முதல் நாள் உங்கள் முதல் ரேங்க் பிள்ளை.

கடைசியாக, அந்தப் பையனின் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டியிடம் விட்டு, மாசம் பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று அவர் நினைத்திருக்கலாம். முடியவில்லை என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ராத்திரி மகனோடு பேசும்போது “சாப்பிட்டியா” என்றதோடு வைத்துவிடாமல், “இன்னைக்குக் கதையில என்ன ஆச்சு” என்று கேட்கட்டும். அவன் சொல்லி முடிக்கிற வரை அவர் போனை வைக்கக் கூடாது.