ரெட் ராக்கெட் 7 காமிக்ஸ் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்களே

சண்டைக்காக வாங்குறதா இருந்தா வேண்டாம்ங்க, ராக் மியூசிக் மேல கொஞ்சமாவது ஆசை இருந்தா தயங்காம வாங்குங்க. சூப்பர்ஹீரோ கதைதான் படிப்பேன், பாட்டு பத்தி பெருசா தெரியாது, செட்டாகுமான்னு கேட்டதால இத முதல்லயே சொல்லிடுறேன். காமிக்ஸ் ஓவியர் மைக் ஆல்ரெட் 1997ல ஆரம்பிச்ச ஏழு இஷ்யூ தொடர் இது, ஹீரோ ஒரு ஏலியனோட குளோன், ஏழு பேர்ல ஏழாவது ஆளு, கிடாரத் தூக்கிக்கிட்டு ராக் அண்ட் ரோல் வரலாறு பூரா சுத்தி வர்றான், லிட்டில் ரிச்சர்ட், பீட்டில்ஸ், டேவிட் போவின்னு நிஜ பாட்டுக்காரங்களே கதைக்குள்ள வருவாங்க. அவங்க யாருன்னே தெரியலன்னா பாதி சந்தோஷம் போயிடும். ஏலியன் துரத்தல் பகுதி எனக்கு அவசரமா முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.

ஆனா படங்க இருக்கே, அடடா! முதல்ல வந்தப்போ எல்பி ரெக்கார்டு (பெரிய இசைத்தட்டு) அட்டை மாதிரி பெரிய சதுரமா போட்டாங்க, லாரா ஆல்ரெட்டோட கலர் எல்லாம் அந்த சைஸ்லதான் பாக்கணும், அதனால போன்ல படிக்கிற எண்ணம் இருந்தா விட்டுடுங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி போவியோட எழுபதுகள் ஆல்பம் ஒண்ணு ரெண்டு கேட்டுப் பாருங்க, பிடிச்சுதுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்.