லேத் பட்டறை கேள்வி-பதில்: இடது சக்கரத்துக்கு இடது மரை

கேள்வி: தாத்தாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வீட்டில் இருக்கிறது. முன்பக்க இடது சக்கரம் ஆடுகிறது. அடியில் உள்ள ட்ரன்னியன் (சக்கரத் தண்டின் அடிமுனை இறங்கி நிற்கும் பாகம்) தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். அது உடைந்தும் போனதால், வலது பக்கத்து ட்ரன்னியனைக் கழற்றி மாதிரிக்குக் கொடுத்து உள்ளூர் லேத்தில் ஒன்று செய்து வாங்கினேன். மரை ஏறவே இல்லை. அளவு சரியாகத்தான் இருக்கிறது என்கிறார் லேத்காரர். என்ன செய்வது?
- வாசகர், காரைக்குடி

பதில்: அளவு சரியாகத்தான் இருக்கும். மரை சுற்றும் திசைதான் மாறிவிட்டது. ஹெரால்டில் வலது சக்கரத்து ட்ரன்னியனுக்கு வலது மரை (கடிகாரத் திசையில் சுற்றினால் ஏறுவது), இடது சக்கரத்து ட்ரன்னியனுக்கு இடது மரை (எதிர்த் திசையில் ஏறுவது). ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்ய முடியாது. நல்லவேளை, குறடு போட்டு முறுக்கி ஏற்றாமல் விட்டீர்கள்.

இந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு எஃகு. அதன் அடிமுனை மரை, வெண்கல ட்ரன்னியனுக்குள் இறங்கி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் திரும்புகிறது. இங்கே மரை இறுக்கிப் பிடிப்பதற்காக இல்லை, அதுதான் பேரிங். அந்தப் பக்கத்துச் சுமையும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது.

அதனால் அதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடாது. எண்ணெய் விடும் துளையைப் பார்த்ததும் பலர் கிரீஸ் கன்னை எடுத்துவிடுகிறார்கள். கிரீஸ் அடிமரை வரைக்கும் சரியாக இறங்காது. அங்கே தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும், மரை இறுகும். அப்புறம் ஸ்டியரிங்கின் முறுக்கு முழுவதும் எஃகுத் தண்டின் மேல் விழும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் அடியில் மடங்கிவிடும். அப்படி மடங்கிய ஒரு ஹெரால்டை வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே பார்த்திருக்கிறேன். ஷெட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது நடந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் லேத்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலில், பழைய மாதிரியை அப்படியே பார்த்துக் கடையக் கூடாது. வலது பக்கத்ததும் அத்தனை வருடம் ஓடித் தேய்ந்ததுதான். அதன் அளவிலேயே செய்தால் புதிதாகவே தேய்ந்த ஒன்றுதான் கையில் கிடைக்கும். தேயாத இடம் எங்காவது ஒளிந்திருக்கும். மரையின் விளிம்பில், அழுக்குக்கு அடியில். அங்கே மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் தேய்ந்த புஷ் (துளைக்குள் இறக்கும் குழாய் போன்ற உறை) ஒன்றை அச்சு அசலாகக் கடைந்து கொடுத்தேன். அடுத்த வாரமே அந்த வண்டி திரும்பி வந்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் இது.

அடுத்தது, பழைய பித்தளையை உருக்கி வார்த்தது வேண்டாம். உள்ளே ஊசித்துளை இருந்தால் வெளியே தெரியாது. நல்ல பாஸ்பர் வெண்கலக் கட்டியிலிருந்து கடையச் சொல்லுங்கள். எஃகுத் தண்டை மட்டும் எந்த லேத்திலும் செய்யாதீர்கள். அது அடித்து உருவாக்கிய இரும்பு. கம்பியிலிருந்து கடைந்தால் அந்த வலு வராது. மரையில் துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள், சிவப்புச் சாயம் தடவி விரிசலும் சோதியுங்கள். சந்தேகம் வந்தால் இங்கிலாந்திலிருந்து வரவழையுங்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் ஆகியவற்றின் முன்பக்கமும் இதே குடும்பம் என்பதால் அங்கே இன்னும் கிடைக்கிறது. கதவு பாகம் என்றால் அந்த வசதி கிடையாது. நான்கு கதவு ஹெரால்டு நம் பெருங்களத்தூரில் மட்டுமே பிறந்தது.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனர் யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது பெட்ரோலில் ஓடுகிறது, ஆனால் ஐட்லிங்கில் நிற்கவில்லை. கார்புரேட்டர் ஸ்பிண்டிலை (காற்றுத் தகட்டைத் திருப்பும் தண்டு) மாற்றியும் குணமில்லை.
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெட்ரோல் வராத அந்த வருடங்களில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஊரையே சுமந்த வண்டிகள் அவை. உங்கள் அப்பாவின் வண்டியை ஓட விடுவது எனக்கும் ஆசைதான்.

ஸ்பிண்டில் தேயும்போது அது சுழலும் துளையும் முட்டை வடிவமாகிவிடும். நீங்கள் தண்டை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், காற்று இன்னும் துளை வழியாகத்தான் புகுகிறது. என்ஜின் ஓடும்போது ஸ்பிண்டில் முனைகளில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் கோளாறு. இரண்டு பக்கத் துளையையும் ஒரே பிடிப்பில், ஒரே நேர்கோட்டில் பெரிதாக்கி, புஷ் இறக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் தனியாகத் துளைத்தால் ஸ்பிண்டில் இறுகும். மண்ணெண்ணெய் என்ஜின் ஆயிலிலும் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆகவே ஒருமுறை பேரிங்குகளையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லேத்தின் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் திருகுத்தண்டு) மில்லிமீட்டர் அளவு. அதில் இன்ச் மரை வெட்டலாமா?
- பாலிடெக்னிக் மாணவர், கோவை

பதில்: தாராளமாக, தம்பி. 127 பல் கியர் ஒன்று வேண்டும். ஒரு இன்ச் 25.4 மி.மீ.; 127-ஐ இரண்டால் பெருக்கினால் 254. கணக்கு துல்லியமாக வருவது அதனால்தான்.

கியரை விட டூல் முக்கியம். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரைக்குக் கோணம் 55 டிகிரி, பிறகு வந்த யுனிஃபைடு மரைக்கு 60. 3/8 இன்ச் போல்ட் அடிக்கடி வரும். அதில் இரண்டு வகைக்குமே இன்ச்சுக்கு 16 மரைதான். மாற்றிப் போட்டாலும் நட் ஏறிவிடும், ஆனால் பக்கவாட்டில் சரியாக உட்காராது. அரை இன்ச்சில் 12-க்கும் 13-க்கும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். 3/8-ல் மரை கேஜ் வைத்துப் பார்க்காமல் டூலைத் தீட்டாதே.

கேள்வி: 1948 எம்ஜி டிசி கார் என்ஜினில் போல்ட் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்துகிறது. விட்வொர்த் நட் மட்டும் ஏறவில்லை. யாரோ போல்ட்டை மாற்றிவிட்டார்களா?
- வாசகர், திருச்சி

பதில்: யாரும் மாற்றவில்லை, அது பிறவியிலேயே அப்படி. முதல் உலகப் போர் சமயத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து தொழிற்சாலை போட்டது. அவர்களுடைய இயந்திரங்கள் மெட்ரிக் (மில்லிமீட்டர்) மரைதான் வெட்டும். போருக்குப் பின் மோரிஸ் கார்களுக்கு அங்கே என்ஜின் செய்தார்கள். 1923-ல் அந்தக் கார்களின் முதலாளி மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். மரை மெட்ரிக்காகவே நீடித்தது. ஆனால் ஊர் மெக்கானிக்குகளின் கையில் இருந்ததெல்லாம் விட்வொர்த் ஸ்பேனர், அதனால் தலையை மட்டும் அந்த அளவில் வைத்தார்கள். உங்கள் எம்ஜி என்ஜினும் அந்தத் தொழிற்சாலைப் பரம்பரைதான்.

உங்களுடையது 8 மி.மீ. போல்ட்டாக இருந்தால் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி) 1.0 மி.மீ. கடையில் சும்மா ‘எட்டு எம்எம்’ என்று கேட்டால் 1.25 பிட்ச்சைத்தான் கொடுப்பார்கள். அதை என்ஜின் பிளாக்கில் ஏற்றினால் மரை கெட்டுவிடும். பழைய போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.