கார் லோனுக்கு 6%, எஃப்.டி.க்கு 7%: அந்த லாபம் எங்கே?

கேள்வி: பழைய கார் வாங்க 6 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். "ரொக்கமா கொடுக்காதீங்க சார். பணத்தை 7% வட்டிக்கு எஃப்.டி.யில போட்டுடுங்க. கார் வாங்க 6% பிளாட் ரேட்ல லோன் எடுங்க. அஞ்சு வருஷத்துல வட்டியா 1.80 லட்சம் கட்டுவீங்க, எஃப்.டி.யில 2.49 லட்சம் வரும். 69,000 ரூபாய் லாபம்" என்கிறார் கார் விற்பவர். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்ன எண்களில் பிழை கிடையாது, அதனால்தான் நீங்கள் சரிபார்த்தும் பிடிபடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கும் எஃப்.டி.யில் 6 லட்சம், 5 ஆண்டில் 8.49 லட்சமாகத்தான் ஆகும்.

ஆனால் மாதத் தவணையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, பார்த்தீர்களா? அசலும் வட்டியுமாக 7.80 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 13,000 ரூபாய். எஃப்.டி.யைத் தொடாமல் இதைக் கட்ட வேண்டும் என்றால் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ரொக்கம் கொடுத்து காரை வாங்கிவிட்டால், அந்த 13,000 மாதாமாதம் உங்களிடமே இருக்கும். அதை அதே 7% வட்டிக்கு ஆர்.டி.யில் கட்டி வாருங்கள். 5 ஆண்டு முடிவில் சுமார் 9.30 லட்சம் சேர்ந்திருக்கும்.

இரண்டு வழியிலும் கார் உங்களுடையது. இரண்டிலும் மாதம் 13,000 எடுத்து வைக்கிறீர்கள். லோன் எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது 8.49 லட்சம், எடுக்காவிட்டால் 9.30 லட்சம். 69,000 லாபம் என்று அவர் காட்டிய இடத்தில் உண்மையில் 81,000 ரூபாய் நஷ்டம். வட்டி வருமானத்துக்கு வரி கட்டுபவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், எஃப்.டி. வழியில்தான் வட்டி அதிகம்.

6% எப்படி 7 சதவீதத்தைத் தோற்கடிக்கிறது? பிளாட் ரேட்டில் 60 மாதமும் முழு 6 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். நீங்களோ மாதாமாதம் அசலையும் சேர்த்தே அடைத்து வருகிறீர்கள். கடைசித் தவணையின்போது பாக்கி 13,000-க்கும் குறைவு, அப்போதும் வட்டி என்று 3,000 ரூபாய்! குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இந்த லோனின் நிஜ வட்டி ஏறத்தாழ 10.85%. எக்செல்லில் 'ரேட்' சூத்திரத்தில் 60, மைனஸ் 13000, 600000 என்று கொடுத்து, வரும் விடையை 12-ஆல் பெருக்குங்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிராசஸிங் கட்டணம், லோனோடு சேர்த்துத் தலையில் கட்டும் இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

விற்பவரிடம் வாதாடத் தேவையில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் இத்தகைய கடன்களுக்கு வங்கியும் நிதி நிறுவனமும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணை எஃப்.டி. வட்டியோடு ஒப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் யோசிக்க வேண்டியது. இந்த 6 லட்சம்தான் உங்கள் மொத்த சேமிப்பு என்றால் முழுவதையும் காரில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் திண்டாட வேண்டிவரும். அப்படியானால் ஆறு மாதக் குடும்பச் செலவை ஒதுக்கிவிட்டு, துண்டு விழும் தொகைக்கு மட்டும் கடன் வாங்குங்கள். ஒதுக்கியது எஃப்.டி.யில் இருந்தால் அதன் பேரிலேயே வங்கி கடன் கொடுக்கும். எஃப்.டி. வட்டியைவிட வழக்கமாக 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல், அதுவும் பாக்கித் தொகைக்கு மட்டும். பிளாட் ரேட் லோனைவிட இது மலிவு. ஆனால் அவசரம் வந்தால் எஃப்.டி.யில் கடன் போக மீதியைத்தான் எடுக்க முடியும், கடன் அடைய அடையத்தான் அந்த மீதி கூடும்.