உளவாளி என்று செய்தி வந்தால் எதை வைத்து நம்புவது?

‘ஒருவரை வெளிநாட்டு உளவாளி என்று செய்தியில் சொன்னால் எதை வைத்து நம்புவது? எல்லா நாட்டு ஊடகமும் பிரச்சாரம்தானே செய்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ மாமாவோடு மல்லுக்கு நின்றுவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். நானும் அப்படி நின்றவன்தான். ஆனால் எனக்கு இது வெறும் விவாதம் இல்லை. எங்கள் பக்கத்து நாளிதழ் ஒன்றில் ஒரு நாள் முழுக்க நானே உளவாளியாக இருந்திருக்கிறேன்.

காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். கல்லூரி முடித்துவிட்டுச் சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில் எனக்குச் சிற்றலை வானொலிப் பைத்தியம் பிடித்திருந்தது. பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வேரித்தாஸ், மாஸ்கோ, பெய்ஜிங், எதையும் விடமாட்டேன். பெய்ஜிங்கில் 1963 முதல் தமிழ் ஒலிபரப்பு உண்டு. சீனப் பெண்கள் நம்மைவிடச் சுத்தமான தமிழில் செய்தி வாசிப்பார்கள். கேட்டதை எழுதி அனுப்பினால் அந்த நிலையங்கள் அழகழகான அட்டைகளும் காலண்டரும் அனுப்பும். தபால்காரருக்கே அந்த ஸ்டாம்புகள் மேல் ஒரு கண்.

எழுதி அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. தேதி, நேரம், அலைவரிசை எழுதி, பக்கத்தில் ஐந்து இலக்கம் போட வேண்டும். ஒலியின் பலம், மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஆக என் நோட்டில் பக்கம் பக்கமாக 45433, 34333 என்று எண்களாகவே இருக்கும். மாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செம்புக் கம்பி கட்டியிருந்தேன். எங்கள் பக்கத்து வீடுகள் இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளுகிறவை. ஏரியல் கட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது.

1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கடலோர மாவட்டங்கள் எப்படி இருந்தன என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். தொண்டி, மீமிசல் எல்லாம் எங்களுக்குப் பக்கம். யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார். மாடியில் கம்பி, வெளிநாட்டுத் தபால், இரவில் கரகர சத்தம். போலீஸ் வந்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் வராமல் இருந்தால்தான் தப்பு. ஆச்சி வளவில் உட்கார்ந்தபடியே, “தம்பி, அவன் ரேடியோ கேப்பான், கேட்டுக்கிட்டே தூங்கிப்போவான், வேற ஒண்ணுந் தெரியாது” என்று எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். வந்த அதிகாரி நோட்டைப் புரட்டி, எண்களுக்கு விளக்கம் கேட்டு, ரேடியோவைத் திருகி அவரே ஒரு நிலையத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நாளிதழில் பெட்டிச் செய்தி. “சங்கேத எண்கள் அடங்கிய குறிப்பேடு சிக்கியது? வெளிநாட்டுத் தொடர்பா?” இரண்டு கேள்விக்குறி. பெயர் இல்லை, ஆனால் தெரு, வீட்டு அடையாளம், வயது எல்லாம் இருந்தது. எழுதிய நிருபர் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. “போலீஸ் வட்டாரத்தில் கூறப்படுகிறது” என்று போட்டிருந்தார். கூறிய வட்டாரம் எது என்று இன்று வரை தெரியாது. விசாரணையில் ஒன்றுமில்லை என்று முடிந்தது செய்தியாக வரவே இல்லை. நேரில் போய்க் கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லேங்கிறதை எப்படித் தம்பி செய்தியாப் போடுறது?” என்றார்கள். அடுத்து பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தபோது, அந்தக் கத்தரித்த துண்டு கோப்பில் இருந்தது. சிங்கப்பூர் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

உடனே யாராவது ‘சீன ஆதரவாளன், அதான் இப்படிப் பேசுகிறான்’ என்று பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். காலண்டர் வாங்கியதற்காக எந்த நாட்டுக்கும் நான் ஆதரவாளன் ஆகிவிடவில்லை. அந்த நிலையங்கள் எல்லாமே அந்தந்த அரசின் காசில் நடந்தவை, கேட்ட எங்களுக்கும் அது தெரியும்.

என் கதை சின்னது. 1994இல் இஸ்ரோ உளவு விவகாரம் வந்தபோதுதான் பெரிய அளவில் அதே கதையைப் பார்த்தேன். விசா காலம் தாண்டித் தங்கினார் என்று மாலத்தீவுப் பெண் ஒருவரை அக்டோபரில் திருவனந்தபுரத்தில் பிடித்தார்கள். நவம்பர் 30இல் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜின் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த நம்பி நாராயணன் கைது. மலையாளப் பத்திரிகைகளில் ராக்கெட் ரகசியம், பெண்கள், பணம் என்று தினம் ஒரு தொடர்கதை. 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டில் ஆதாரமே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2018 செப்டம்பரில். கைதுக்கும் அதற்கும் நடுவே கிட்டத்தட்ட 24 வருஷம்.

சரி, அப்படியானால் ‘அந்நியத் தலையீடு’ என்பதே கட்டுக்கதையா? அதுவும் இல்லை. 1983 ஜூலையில் டெல்லியில் வந்துகொண்டிருந்த ‘பேட்ரியாட்’ பத்திரிகையில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம்தான் தயாரித்தது என்று ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் போடாத அமெரிக்க விஞ்ஞானியாம். அதற்குப் பின்னால் இருந்தது சோவியத் உளவுத்துறையான கேஜிபி. 1985இல் மாஸ்கோ பத்திரிகை ஒன்று அந்த இந்தியச் செய்தியையே மேற்கோள் காட்டித் திரும்ப எழுத, அது உலகம் சுற்றியது. 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் இது தங்கள் ஆட்களின் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார். நம் நாட்டுப் பத்திரிகையே அஞ்சல் பெட்டியாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

அமெரிக்கப் பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா? இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று பெயர் சொல்லாத ஆட்களை நம்பி முதல் பக்கத்தில் எழுதிய நியூயார்க் டைம்ஸ், 2004 மே மாதம் தன் செய்திகள் சரியாக இல்லை என்று ஒரு குறிப்பு போட்டது. பத்தாம் பக்கத்தில். போட்டதே பெரிய விஷயம் என்பீர்கள். எனக்கு அந்தப் பத்தாம் பக்கம்கூடக் கிடைக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் உண்டு.

ஆகையால் எந்த நாட்டு ஊடகம் என்று நான் பார்ப்பதில்லை. பார்ப்பது இதுதான்: குற்றம் சாட்டுகிறவருக்குப் பெயர் இருக்கிறதா, ஆதாரம் வெளியே காட்டப்பட்டதா, சொன்ன பத்திரிகை முடிவு வரை கூடவே போனதா. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் எவன் கெர்ஷ்கோவிச்சை 2023 மார்ச்சில் ரஷ்யா உளவாளி என்று பிடித்தது. மூடிய அறையில் விசாரணை, 2024 ஜூலையில் 16 ஆண்டுச் சிறை, ஆகஸ்ட் 1இல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை. ஆதாரம் என்று ஒரு காகிதத்தைக்கூட உலகுக்குக் காட்டவில்லை. உளவுக் குற்றச்சாட்டில் உள்ள வசதியே அது. திருட்டுக் கேஸ் என்றால் திருடிய பொருளைக் காட்டியாக வேண்டும். இங்கே ‘தேசப் பாதுகாப்பு, காட்ட முடியாது’ என்றால் முடிந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. இப்போது எங்கள் ஊருக்குக் கேமராவோடு வருகிற யூடியூப் தம்பிகள், பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கண்டாலே “பேய் பங்களா”, “பர்மா தங்கம் புதைத்த வீடு” என்று போடுகிறார்கள். பர்மாவில் 1960களில் எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கியபோது எங்கள் ஐயா மாற்றுத்துணியோடு வந்திறங்கினார், தங்கமாவது ஒன்றாவது! வீடு பூட்டியிருப்பது பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பதால். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு சாவி, எல்லோரும் கூடினால்தான் சாமி கும்பிட்டுத் திறப்போம். இதைச் சொன்னால் ‘வியூஸ் வராது அங்கிள்’ என்கிறான்.

என்னை எழுதிய நாளிதழின் பெயரைப் பின்னூட்டத்தில் கேட்பீர்கள், சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதற்குத்தான் சந்தா கட்டுகிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாச் செய்தியும் இழவுச் செய்தியும் அதில்தான் ஒழுங்காக வரும்.